ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஓர் ஒப்புக்குச் சப்பாணி

எங்கள் விளையாட்டுக் குழுவில் இருக்கும் பல் மருத்துவருக்குக் காய்ச்சல் என்று என் நண்பனிடம் பொய் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை என்று அவனை நம்பவைக்க அதைவிட எளிய காரணம் எனக்கு அப்போது தோன்றவில்லை. அன்று மாலை மடிப்பாக்கத்தில் என் வீட்டு உணவு மேசையைச் சுற்றி, அவனை விட்டுவிட்டு நாங்கள் நால்வரும் பகடைகளோடு அமர்ந்திருந்தபோது மருத்துவரின் கைபேசி ஒலித்தது. உடம்பு எப்படி இருக்கிறது, இரவுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்பதற்காக அவன்தான் அழைத்திருந்தான். நான் சொன்ன பொய்யை மருத்துவரிடம் சொல்லிவைக்க மறந்திருந்தேன். "எனக்கு ஒன்றும் இல்லையே, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். பிறகு இருமினார். காய்ச்சலுக்கு யாராவது இருமுவார்களா என்று இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். "என் பெயரைப் போடாதே, நான் செய்ததைக் குறைத்தும் எழுதாதே" என்று மட்டும் சொன்னான்.

2006-இல் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் போடப்பட்டதிலிருந்து அவன் எனக்கு நண்பன். என் தந்தைக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறல் வந்தபோது என்னை முந்திக்கொண்டு மருத்துவமனையில் வந்து நின்றவன். அப்படிப்பட்டவன் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து விளையாடும்போது மட்டும் எல்லோருக்கும் பாரமாகிவிடுகிறான் என்பதை ஒப்புக்கொள்ளவே எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்நியர் ஒருவர் இப்படி நடந்துகொண்டிருந்தால் இரண்டாம் வாரமே அவரை அழைப்பதை நிறுத்தியிருப்போம், அதைப் பற்றி மறுபடி நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். நண்பன் என்பதால்தான் இவ்வளவும்.

நாங்கள் விளையாடத் தொடங்கியது 2022-இல். அப்போது நான்கு பேர்: நான், அவன், பல் மருத்துவர், வங்கியில் வேலை செய்யும் அவருடைய கணவர். முதலில் வாங்கியது கட்டான். 1995-இல் ஜெர்மனியில் வெளிவந்த இந்த ஆட்டத்தை உருவாக்கிய கிளவுஸ் டோய்பர் தொழில்முறையில் செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பராக இருந்தவர் என்பதில் எங்கள் மருத்துவருக்கு இன்றும் ஒரு தனிப் பெருமை உண்டு. தீவு ஒன்றில் மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது ஆகியவற்றைச் சேர்த்தும் பண்டமாற்றுச் செய்தும் ஊர்களையும் சாலைகளையும் அமைத்து முதலில் 10 புள்ளிகளை எட்டுபவர் வெல்வார். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 7 வந்தால், உருட்டியவர் கொள்ளையனை நகர்த்தி யாருடைய நிலத்தையாவது முடக்கி, அவர் கையிலிருந்து ஒரு சீட்டையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பகடைகளில் வரக்கூடிய 36 சேர்க்கைகளில் 6 சேர்க்கைகள் 7-ஐத் தருகின்றன. ஆகவே கொள்ளையன் அடிக்கடி வருவான், யார் மீதாவது அமர்ந்தே ஆகவேண்டும். என் நண்பன் மீது அமர்ந்தால், அன்றைய மாலை முழுவதும் உட்கார்த்தியவரோடு அவன் பண்டமாற்றுச் செய்ய மாட்டான், தன் ஆட்டமே கெட்டாலும் செய்ய மாட்டான். எல்லாக் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார் என்று நாங்கள் அதைக் கடந்துபோனோம்.

உண்மையில் எனக்கு உறைத்திருக்க வேண்டியது அடுத்த ஆட்டத்தில்தான். பாண்டெமிக் என்பது 2008-இல் வெளிவந்த ஆட்டம்; மேட் லீகாக் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. இதில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவதில்லை. உலக வரைபடத்தில் 48 நகரங்கள், நான்கு நோய்கள். எல்லோரும் சேர்ந்து நான்குக்கும் மருந்து கண்டுபிடித்தால் எல்லோரும் வென்றார்கள், இல்லையேல் எல்லோரும் தோற்றார்கள். அந்த 48 நகரங்களில் சென்னையும் ஒன்று. உண்மையான பெருந்தொற்று ஓய்ந்து மூச்சுவிட்ட காலத்தில் காசு கொடுத்து இன்னொரு பெருந்தொற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம் என்று என் மனைவி இன்றும் கேலி செய்வாள்.

ஒருநாள் சென்னையின் மீது இரண்டு நோய்க் கட்டைகள் இருந்தன, கெய்ரோவின் மீது மூன்று. மூன்று கட்டைகள் உள்ள நகரத்தின் சீட்டு மறுபடி வந்தால் அங்கே நோய் வெடித்து, பக்கத்து நகரங்களுக்கெல்லாம் ஒவ்வொரு கட்டையாகப் பரவும்; அப்படி எட்டு முறை வெடித்தால் ஆட்டம் முடிந்தது. மருத்துவர் தம்முடைய காயைச் சென்னைக்கு நகர்த்தினார். "நம் ஊரை முதலில் காப்பாற்றிவிடுகிறேன், பிறகு மற்றதைப் பார்க்கலாம்" என்றார். இது தவறு, கெய்ரோதான் இப்போது அவசரம் என்றான் என் நண்பன். அவர் சிரித்துக்கொண்டே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அவன் கையை நீட்டி, அவருடைய காயைச் சென்னையிலிருந்து எடுத்துக் கெய்ரோவில் வைத்தான். இரண்டு சுற்றுக்குப் பிறகு கெய்ரோவின் சீட்டு வந்தது. அவன் சொன்னதே சரி. அன்று நாங்கள் வென்றோம், வென்றதற்காக மேசையில் யாரும் கைதட்டவில்லை.

கூட்டாக ஆடும் ஆட்டங்களில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். எல்லோருடைய சீட்டுகளும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்போது, கணக்கில் விரைவானவர் ஒருவர் மற்ற மூவருக்கும் சேர்த்து ஆடத் தொடங்கிவிடுவார்; மற்றவர்கள் அவர் சொன்ன இடத்தில் காயை வைக்கும் கைகளாகிவிடுவார்கள். ஆனால் அன்று நடந்ததை அவனுடைய அதிகாரப் போக்கு என்று மட்டும் பார்த்தது என் பிழை. மருத்துவர் அந்த மேசைக்கு வந்தது வேறொன்றுக்காக. வாரம் ஆறு நாளும் மற்றவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சென்னையைக் காப்பாற்றிப் பார்ப்பதற்காக. அவன் வந்தது வெல்வதற்காக. இரண்டும் நியாயமான ஆசைகளே. ஒரே பலகையில் இரண்டுக்கும் இடமில்லை என்பதுதான் விஷயம்.

பிறகு என் அலுவலகத்து இளைஞன் ஒருவன் குழுவில் சேர்ந்து ஐந்து பேரானோம். கட்டான், பாண்டெமிக் இரண்டின் அடிப்படைப் பெட்டியிலும் அதிகபட்சம் நான்கு பேர்தான் ஆடலாம். ஐந்தாமவரைச் சேர்க்க மேலும் பெட்டிகள் வாங்க வேண்டும், அவற்றின் விலை எங்களுக்கு உவப்பாக இல்லை. அந்த இளைஞன்தான் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடலாம் என்று சொன்னான். அடிப்படை விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தாள், பென்சில், சில பகடைகள் போதும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார், அவருக்கு டன்ஜியன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராக இருந்து, தாம் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். செய்ய நினைத்தது எளிதில் முடியாததாக இருந்தால் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். அந்த மாந்தரின் திறமைக்கான எண்ணையும் கூட்டி, சுமாரான காரியத்துக்கு 15, கடினமான காரியத்துக்கு 20 என்ற அளவை எட்டினால் நடந்தது, எட்டாவிட்டால் நடக்கவில்லை. இதில் வெற்றி தோல்வி என்று ஒன்றும் கிடையாது. கதை நீண்டுகொண்டே போகும். கதை சொல்ல ஆசையிருந்தும் எழுத்தாளனாக முடியாத நான் டன்ஜியன் மாஸ்டர் ஆனேன்.

இத்தகைய ஆட்டத்தைத் தொடங்குமுன் பகடையைத் தொடாமல் ஒரு நாள் கூடிப் பேசுவது வழக்கம்; செஷன் ஸீரோ என்பார்கள். எந்த மாதிரிக் கதை வேண்டும், எவையெல்லாம் கதையில் வரக்கூடாது, சண்டை மிகுதியா பேச்சு மிகுதியா, ஒருவர் பொருளை மற்றவர் திருடலாமா என்றெல்லாம் அன்றே முடிவு செய்துகொள்வார்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. நமக்குள் என்ன சம்பிரதாயம் என்று விட்டுவிட்டோம். வேற்று ஆட்களோடு ஆடியிருந்தால் கேட்டிருப்பேன். பதினாறு ஆண்டு நண்பனிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பது அசட்டுத்தனமாகத் தோன்றியது. அவனுக்கு எந்தக் கடைப் பரோட்டா பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கதைக்குள் நுழைந்தால் அவனுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவன் தேர்ந்தெடுத்தது பார்பேரியன் என்ற வகை. பெரிய கோடரி ஏந்திய முரட்டு வீரன். நான் எழுதிய கதையில் ஆறு ஒன்று திடீரென வற்றிப்போயிருந்தது. அதன் காரணம் கரையில் குடிசை போட்டிருந்த ஒரு கிழவிக்கு மட்டுமே தெரியும். அவள் எளிதில் வாய் திறக்க மாட்டாள். மருத்துவர் தம் கதைமாந்தராக அவளருகே அமர்ந்து, இறந்துபோன மகனைப் பற்றி மெல்ல மெல்ல விசாரித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஓடியிருக்கும். நான் கிழவியின் குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, என் குரலும் சற்றுத் தழுதழுத்திருந்தது என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். அப்போது என் நண்பன் கொட்டாவி விட்டபடி, "கோடரியை எடுத்து அந்தக் கிழவியை வெட்டுகிறேன்" என்றான். யாரும் தடுப்பதற்குள் பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. தாக்குதலில் இருபது விழுந்தால் எதிரி எவ்வளவு காப்போடு இருந்தாலும் அடி பட்டே தீரும், அதுவும் இரட்டிப்பாகப் படும். கிழவியிடம் காப்பு என்று இருந்தது ஒரு கிழிந்த போர்வை.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டோம். "என் ஆள் அப்படிப்பட்டவன்" என்றான். இந்த ஆட்டத்தை ஆடும் ஒவ்வொரு குழுவும் என்றாவது ஒருநாள் கேட்டிருக்கும் வாக்கியம் இது. அந்த ஆளை அப்படிப்பட்டவனாக உருவாக்கியது யார் என்பதை மறைக்கும் வாக்கியமும்கூட.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் அந்தக் கிழவிக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று கதையை மாற்றினேன். அதே குடிசை, அதே இரகசியம், வேறு கிழவி. அவன் வெட்டிய வெட்டு எந்த வடுவும் இல்லாமல் ஆறிவிட்டது. அவன் ஊர்த் தலைவனை மிரட்டினால், ஊர்த் தலைவன் கதைக்குத் தேவையில்லாதவனாகிப் போவான். அவன் இளைஞனின் பையிலிருந்து தங்கக் காசுகளைத் திருடினால், இளைஞனுக்கு வேறொரு புதையல் கிடைக்கும். இதைச் சாதுரியம் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் புண்படுத்தாமல், யாரிடமும் கடிந்து பேசாமல், ஒரு மேசையை ஏழு மாதம் நகர்த்திச் சென்றேன். விளைவு என்னவென்றால் அவனுடைய சேட்டை வாரத்துக்கு வாரம் பெருகியது. சுவரில் மோதிப் பார்க்கிறான், சுவரே இல்லை. இன்னும் வேகமாக ஓடுகிறான். அப்போது எனக்கு இது விளங்கவில்லை, அவன் குணம் இப்படி என்றே எண்ணினேன்.

தெருவில் விளையாடிய தலைமுறைக்கு ஒப்புக்குச் சப்பாணி என்றால் தெரிந்திருக்கும். அந்தச் சொல் இன்றைக்குக் காதில் உறுத்துகிறது, ஆனால் அதற்கு மாற்றாக வேறொன்று என்னிடம் இல்லை. ஓடிப்பிடித்து ஆடும்போது, ஆட்டைக்குச் சேர்த்தே ஆகவேண்டிய ஒரு சிறு பிள்ளை வந்து நிற்கும். சேர்க்காவிட்டால் வீட்டில் போய் அழும், நமக்கு அடி விழும். எனவே சேர்த்துக்கொள்வோம், ஆனால் அது பிடிபட்டாலும் கணக்கில்லை, அது யாரையாவது பிடித்தாலும் கணக்கில்லை. எங்கள் தெருவில் என் தங்கைதான் வெகுகாலம் அப்படி இருந்தாள். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒருநாள் நடுத்தெருவில் நின்றுகொண்டு, "என்னையும் பிடிங்க, என்னை ஏன் யாரும் பிடிக்கிறதில்லை" என்று கத்தி அழுதாள். ஆட்டத்திலிருந்து விலக்கியிருந்தால் அவள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். இதை நன்கு அறிந்திருந்த நான்தான் முப்பத்தாறு வயதில் என் உயிர்த் தோழனை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கி வைத்திருந்தேன்.

மற்ற மூவரும் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள். மருத்துவரின் கணவர் என்னைத் தனியே அழைத்து, அவன் வருகிற வாரங்களில் தம் மனைவி ஏதாவது காரணம் சொல்லித் தவிர்க்கப் பார்க்கிறார் என்றார். அலுவலகத்து இளைஞன் தனக்குத் தெரிந்த வழிகளை எடுத்துச் சொன்னான். ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் என்பவர் உருவாக்கிய எக்ஸ்-கார்டு என்ற ஏற்பாடு உண்டு. பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டை மேசை நடுவில் இருக்கும். கதையில் வரும் ஏதேனும் ஒன்று தாங்க முடியாததாக இருந்தால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட வேண்டும். நல்ல ஏற்பாடு, நாங்கள் இன்றும் வைத்திருக்கிறோம். ஆனால் அது ஒரு காட்சியை நிறுத்தும் கருவி. அரை மணி நேரப் பேச்சில் ஒருவருக்குக் கண் கலங்குகிறது, இன்னொருவருக்குக் கொட்டாவி வருகிறது என்றால் எதைத் தொட்டு எதை நிறுத்துவது? இன்னொரு யோசனை, கதையிலேயே ஒரு டிராகனைக் கொண்டுவந்து அவனுடைய வீரனை விழுங்கவைத்துவிடலாம் என்பது. பல குழுக்களில் இப்படித்தான் முடிப்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாததை டிராகனைக் கொண்டு சொல்லவைப்பதை நான் ஏற்கவில்லை. அந்த உயர்ந்த கொள்கையைப் பேசிய அதே வாரத்தில்தான் அவன் இல்லாமல் ஒரு புதிய வாட்ஸாப் குழுவைத் தொடங்கினேன்.

மூன்று வாரம் அந்தக் குழு ஓடியது. முதல் வாரம் எனக்கு ஊருக்குப் போகும் வேலை என்று அவனிடம் சொன்னேன், இரண்டாம் வாரம் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்றேன், மூன்றாம் வாரம்தான் அந்தக் காய்ச்சல். ஆட்டம் நன்றாக இருந்ததா என்றால், இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது கிழவி அந்த வாரம்தான் ஆறு வற்றிய காரணத்தைச் சொன்னாள். மருத்துவர் மேசையில் தலை கவிழ்ந்து அழுதுவிட்டு, எழுந்து எல்லோருக்கும் தேநீர் போட்டார். அவன் இல்லாத மேசை எங்களுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. அவன் வந்து எல்லாவற்றையும் கெடுத்தான் என்றிருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். அவன் கஞ்சி வைத்துத் தரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அழைப்புக்கு மறுநாள் மாலை அவனை வேளச்சேரியில் நாங்கள் வழக்கமாக நிற்கும் தேநீர்க் கடைக்கு வரச் சொன்னேன். அங்கே முதலில் நான் பேசியது முழுக்க மழுப்பல். எல்லோருக்கும் கொஞ்சம் களைப்பாக இருக்கிறது, சிறிது இடைவெளி விடலாம் என்று நினைக்கிறோம், உனக்கும் அலுவலகத்தில் வேலை மிகுதி அல்லவா என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அவன் தேநீரைக் குடித்து முடித்து, கண்ணாடிக் குவளையைப் பலகை மீது வைத்துவிட்டு, "யாருக்குக் களைப்பு என்று சொல்" என்றான். அதன் பிறகுதான் உள்ளதைச் சொன்னேன். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவர்கள் பேச்சை என் வாயால் சொல்வது அவர்களைக் காட்டிக்கொடுப்பதாகவும், என்னை ஒளித்துக்கொள்வதாகவும் இருந்திருக்கும். நான் நடத்தும் கதை பேச்சாலும் பொறுமையாலும் நகரும் கதை, உனக்கு அது சலிப்பாக இருக்கிறது, சலிப்பில் நீ செய்வது கதையைக் கிழிக்கிறது, கிழிந்ததைத் தைப்பதே என் வேலையாகிவிட்டது, இந்த ஆட்டத்தில் நீ தொடர வேண்டாம் என்று விரும்புகிறேன் என்றேன். நீ மோசமான ஆட்டக்காரன் என்று நான் சொல்லவில்லை, அது தயவுக்காகச் சொல்லாமல் விட்டதும் அல்ல. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது, அது போர்க்களப் பொம்மை ஆட்டங்களிலிருந்து கிளைத்த ஒன்று. அன்றைய விதிகளில் ஒரு வீரன் அனுபவப் புள்ளிகளைப் பெற முதன்மையான வழி எவ்வளவு தங்கத்தை மீட்டுக்கொண்டு வந்தான் என்பதுதான். கிழவியோடு அரை மணி நேரம் பேசியதற்குப் புள்ளி கிடையாது. அந்தக் காலத்து மேசையில் அவன் அமர்ந்திருந்தால் அங்கே பொருந்தாதவர்களாக நாங்கள்தான் இருந்திருப்போம்.

அவன் வாதாடுவான் என்று எதிர்பார்த்துப் பதில்களோடு போயிருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. "இரண்டாவது கிழவி வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது" என்றான். நான் விழித்தேன். "நான் வெட்டியவள் செத்திருக்க வேண்டும். அந்த இரகசியம் அவளோடு போயிருக்க வேண்டும். மூன்று பேரும் என்னைத் திட்டியிருக்க வேண்டும். நீ அவளுக்குத் தங்கையைக் கொண்டுவந்தாய். அதற்குப் பிறகு நான் என்ன செய்தாலும் நீ துடைத்துக்கொண்டே வந்தாய். எதைச் செய்தால் துடைக்க மாட்டாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்டா."

நான் பதில் சொல்லவில்லை. என் தங்கை நடுத்தெருவில் நின்று அழுததுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு அவன் இன்னொன்றையும் சொன்னான். ஆட்டத்தை விட்டுப் போகச் சொன்னதில் தனக்கு வருத்தம் இல்லை, முதல் மாதமே சொல்லியிருந்தால் முதல் மாதமே போயிருப்பேன், அந்த ஆட்டமே தனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றான். ஆனால் அந்த மருத்துவரம்மாவுக்குக் காய்ச்சல் என்று நீ சொல்லியிருக்கக் கூடாது. அன்று மாலை அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டுத்தான் அவர்களை அழைத்தேன் என்றான். இதற்கும் என்னிடம் பதில் இல்லை. தேநீருக்கு அவன்தான் காசு கொடுத்தான். அதைப் பெருந்தன்மை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கடன் வைக்க விரும்பாதவன் கொடுக்கும் காசு அது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. அழைத்தால் எடுத்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான், தானாக அழைக்கவில்லை. சிறுவயதில் காய் விட்டால், விரலை நீட்டிப் பழம் விட்டுச் சேர்ந்துகொள்ள ஒரு வழி இருந்தது. நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு விரல் இல்லை. மருத்துவர் தாமாகவே அவனை அழைத்துப் பொய்க்கு மன்னிப்புக் கேட்டார். பொய் என்னுடையது, ஆனால் இருமியது தாம்தான் என்று சொன்னாராம். அதற்கு அவன் சிரித்தான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவன் வீட்டுக்கு வந்தான். அவனுடைய தந்தை தாம் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் ஆடிய ஆடு புலி ஆட்டத்தை ஒரு பலகையில் வரைந்து வைத்திருந்தாராம், அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். பழைய கோயில் மண்டபங்களின் கல் தரையில் இந்தக் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கிய பிறகே அவற்றை நகர்த்தலாம். புலிகள் அதற்குள் ஆட்டைத் தாண்டி வெட்டிக்கொண்டிருக்கும். மூன்று புலிகளும் அசைய முடியாதபடி அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. இதில் கதை இல்லை, கிழவி இல்லை, கண் கலங்க ஒன்றுமில்லை. வெட்டினால் வெட்டியதுதான், வெட்டுப்பட்ட ஆட்டுக்குத் தங்கை வர மாட்டாள். அவன் புலிகளை எடுத்துக்கொண்டான். முதல் ஆட்டத்திலேயே என்னைத் தோற்கடித்தான். இரண்டாவதிலும் தோற்கடித்தான். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருகிறான். இதுவரை அவனை ஒரே ஒருமுறைதான் அடைத்திருக்கிறேன், அன்றைக்கு மாலை வரை அவன் என்னிடம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நால்வரோடு நடக்கிறது. அவனுடைய பார்பேரியனை என்ன செய்வது என்று ஒருநாள் பேசினோம். கொன்றுவிடலாம் என்றான் இளைஞன். மருத்துவர் சம்மதிக்கவில்லை. முதல் கிழவிக்கு ஆற்றங்கரையில் ஒரு நடுகல் வைத்து, ஆற்றில் மறுபடி நீர் வந்தபோது அங்கே பரிசல் ஓட்டுகிறவனாக அவனை அமர்த்தினார். யார் அக்கரைக்குப் போக வேண்டுமானாலும் அவனைக் கடந்துதான் போக வேண்டும். நான் இந்த முறை எதையும் துடைக்கவில்லை. ஊரார் அவனோடு பேசுவதில்லை, பரிசலுக்கான காசைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

போன சனிக்கிழமை, எட்டாவது ஆட்டை எங்கே இறக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமலே கேட்டான், தன் ஆள் என்ன ஆனான் என்று. பரிசலைச் சொன்னேன், நடுகல்லைச் சொன்னேன், காசைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவதையும் சொன்னேன். வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோடரி அவனிடம் இருக்கிறதா, பிடுங்கிக்கொண்டீர்களா?"

"இருக்கிறது. பரிசலுக்குள் வைத்திருக்கிறான்."

"சரி" என்று சொல்லிவிட்டு, நடுப்புலியை எடுத்து என் ஆட்டைத் தாண்டி வைத்தான்.